தலைக்கு 600 யூரோ: விமானம் தாமதமானால் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது

ஃபிராங்க்ஃபர்ட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பம், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், எமிரேட்ஸில் துபாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிராங்க்ஃபர்ட் விமானம் கோளாறால் தாமதமாகிறது. துபாயில் அடுத்த விமானம் கிளம்பிவிடுகிறது. சென்னைக்கு ஏழு மணி நேரம் பிந்தி வந்து சேர்கிறார்கள். தலைக்கு 600 யூரோ, நான்கு பேருக்கு 2,400 யூரோ கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. விடுமுறை முடிந்து அதே டிக்கெட்டின் மறுபாதியில் சென்னையிலிருந்து திரும்பும்போதும் அதே ஏழு மணி நேரத் தாமதம். இந்த முறை அந்த 600 யூரோ கிடையாது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி. 2005 பிப்ரவரி 17 முதல் நடப்பில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றிலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு விமான நிறுவனமானாலும் இந்த விதி பொருந்தும். வெளியிலிருந்து அங்கே போகும்போது, லுஃப்தான்சா, ஏர் பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து மூன்றும் இதில் சேர்த்தி.

‘போகவர ஒரே டிக்கெட்தானே, இரண்டையும் ஒரே பயணமாக எடுத்துக்கொள்ளக் கூடாதா?’ என்று கேட்கத் தோன்றும். கேட்டே பார்த்துவிட்டார் ஒரு ஜெர்மானியப் பயணி. டுசல்டார்ஃபிலிருந்து துபாய் வழியாக மணிலாவுக்குப் போய்த் திரும்பும்போது அவருடைய விமானம் ரத்தானது. போவது வேறு, வருவது வேறு என்று 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒரே திசையில், ஒரே முன்பதிவில் இடையில் விமானம் மாறுவது ஒரே பயணம்தான். பெர்லினிலிருந்து மொராக்கோவின் காசாபிளாங்கா வழியாக அதே நாட்டின் அகாதிருக்குப் போன பயணி ஒருவரின் வழக்கில் 2018இல் அது தீர்ப்பானது. துபாய், தோஹா வழியாகச் சென்னைக்கோ கொழும்புக்கோ வருபவர்களுக்குக் கைகொடுப்பது அந்தத் தீர்ப்புதான்.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கை. விலை குறைவு என்று ஃபிராங்க்ஃபர்ட்–துபாய் ஒரு டிக்கெட், துபாய்–சென்னை வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால், துபாயில் விமானத்தைத் தவறவிடுவது உங்கள் பாடு. பிள்ளைகளோடு போகும்போது அந்தச் சேமிப்பு தேவையில்லை என்பேன்.

சரி, தொகைக் கணக்கு. தூரம் 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் 600. ஐரோப்பாவிலிருந்து தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ வந்தால் எப்போதும் கடைசிக் கணக்குதான். கிளம்பும் நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. போய்ச் சேரும் இடத்தில் மூன்று மணி நேரமாவது பிந்தியிருக்க வேண்டும். மூன்றுக்கு மேல், நான்குக்குள் என்றால் 600 பாதியாகலாம். சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, விமானத்தின் கதவு ஒன்றாவது திறந்த நேரம். இதற்கும் ஒரு வழக்கு நடந்து 2014இல் தீர்ப்பு வந்திருக்கிறது. இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் பிந்தித் தரையிறங்கியவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிய விஷயம். கதவு திறக்கும்போது கைப்பேசியில் மணியைப் படம் எடுத்துவிடுங்கள்.

ரத்து என்றால், 14 நாளுக்கு முன்பே சொல்லிவிட்டால் இழப்பீடு இல்லை. அதற்குள் சொன்னால், கொடுக்கும் மாற்று விமானம் பழைய நேரத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது.

நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ‘எங்கள் கையில் இல்லாத அசாதாரணச் சூழ்நிலை’. மோசமான வானிலை, வான்வெளி மூடல், பறவை மோதல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் ஆகியவை அதில் வரும். சாதாரண இயந்திரக் கோளாறு வராது. அந்த நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் ஊதியத்துக்காகச் செய்யும் வேலைநிறுத்தமும் வராது. ‘டெக்னிக்கல் ப்ராப்ளம்’ என்று கவுண்டரில் சொன்னால் அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிற்பாடு வானிலை என்று மாறக்கூடிய காரணம் அது.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு இழப்பீட்டைவிட உடனே தேவைப்படுவது சாப்பாடும் படுக்கையும். இந்த உரிமைக்கு ‘அசாதாரணச் சூழ்நிலை’ விலக்கு கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2010இல் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது போர்ச்சுகலின் ஃபாரோவில் மாட்டிக்கொண்ட ஒரு பயணி, உணவுக்கும் தங்குமிடத்துக்கும் ஆன செலவைக் கேட்டு வழக்குப் போட்டார். எரிமலையே ஆனாலும் பார்த்துக்கொள்ள வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று 2013இல் தீர்ப்பு வந்தது. நீண்ட தூர விமானம் நான்கு மணி நேரம் தாமதமாகும் என்றால் உணவும் பானமும், இரவு தங்க வேண்டியிருந்தால் விடுதியும் போகவர வண்டியும். ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் பயணத்தையே கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கவுண்டரில் ஆளே இல்லையென்றால் நியாயமான விலையில் நீங்களே வாங்கி, ரசீதை வைத்துக்கொண்டு கேளுங்கள். குழந்தைக்குப் பால் வாங்கிய ரசீதையும் சேர்த்துத்தான். ஐந்து நட்சத்திர விடுதி ரசீது வேலைக்கு ஆகாது.

இதில் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இடையில் ஃபிராங்க்ஃபர்ட்டிலோ பாரிஸிலோ மாட்டிக்கொண்டு, ஷெங்கன் விசா கையில் இல்லையென்றால், விடுதிச் சீட்டு கொடுத்தும் வெளியே போக முடியாமல் போகலாம். கைப்பையில் ஒரு மாற்றுடை, ஒரு போர்வை, மருந்து இவை எப்போதும் இருக்கட்டும்.

டிக்கெட் வாங்கிய பிள்ளைகளுக்கு இழப்பீடு பெரியவர்களுக்கு உள்ள அதே தொகை. அரைக் கணக்கு கிடையாது. இலவசமாகப் பறப்பவர்களுக்கு விதி பொருந்தாது. மடியில் வைத்துக்கொள்ளும் கைக்குழந்தைக்குச் சிறு கட்டணம் கட்டியிருந்தால் அந்த ரசீதையும் வைத்துக் கேட்டுப் பாருங்கள், அது யாரும் வாங்கக்கூடிய கட்டணம்தானே. எல்லோரும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருப்பது நல்லது. மாற்று விமானம் போடும்போது தனித்தனிப் பதிவுகளாக இருந்தால், அப்பா ஒரு விமானம், பிள்ளை ஒரு விமானம் என்று பிரிந்துபோக வழியுண்டு.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போனபோது இந்த விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. லண்டனிலிருந்து எந்த நிறுவனத்தில் கிளம்பினாலும் பொருந்தும். நம் ஊர் தூரத்துக்கு 520 பவுண்டு.

அப்புறம், சென்னையிலிருந்து இந்திய நிறுவனத்தில் கிளம்புபவர்களுக்கு, இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிகள். தாமதத்துக்கு அதில் காசு கிடையாது, கவனிப்பு மட்டும்தான். பறக்கும் நேரம் ஐந்து மணிக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரம் தாமதமானால் உணவு. 24 மணி நேரத்தைத் தாண்டினால் விடுதி. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் என்றால் ஆறு மணி நேரத்தைத் தாண்டினாலே விடுதி. நிறுவனத்தின் தவறால் கடைசி நேரத்தில் ரத்தானால் நீண்ட பயணத்துக்கு 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. முன்பதிவில் உங்கள் சரியான தொலைபேசி எண் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ஏஜெண்டின் எண்ணையே போட்டுவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, அதே பிஎன்ஆரில் உள்ள பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இருக்கை தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ உத்தரவிட்டது. மாற்று விமானத்தில் ஏறும்போது இதை நினைவுபடுத்துங்கள்.

ஐரோப்பிய இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வழக்கறிஞர் தேவையில்லை. விமானத்தை இயக்கிய நிறுவனத்தின் இணையதளத்தில் படிவம் இருக்கும். விமான எண், தேதி, எல்லோருடைய பெயர், வங்கிக் கணக்கு போதும். வவுச்சரை நீட்டினால் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்தால்தான் பணத்துக்குப் பதில் வவுச்சர் தர முடியும். நிறுவனம் பணம் தர மறுத்தால், சம்பவம் நடந்த ஐரோப்பிய நாட்டின் விமானப் பயணிகள் குறைதீர்க்கும் அமைப்பிடம் போகலாம். வாங்கித் தருகிறோம் என்று வரும் இணைய நிறுவனங்கள் நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும், அதனால் முதல் கடிதத்தை நீங்களே எழுதிப் பாருங்கள். ஜெர்மனியில் சம்பவம் நடந்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று ஆண்டு, பிரான்சில் ஐந்து ஆண்டு, இங்கிலாந்தில் ஆறு ஆண்டு வரை வழக்குப் போட அவகாசம் உண்டு. போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ விமான நிலையத்தில் இரவைக் கழித்த குடும்பங்கள், பழைய போர்டிங் பாஸைத் தேடிப் பார்க்கலாம்.