குவாண்டம் பதக்கமும் 'பார்த்தல்' என்ற சொல்லும்

புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராகப் பணியாற்றும் என்னிடம், சென்ற வாரம் ஒரு நோயாளியின் மகன் தம் கழுத்தில் தொங்கிய கறுப்பு வில்லையைக் காட்டி, "சார், இது குவாண்டம் பதக்கம், அப்பாவுக்கும் ஒன்று வாங்கட்டுமா?" என்று கேட்டார். இப்படிக் கேட்பவர்களை எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன். நாம் பார்ப்பதால் எலக்ட்ரான் தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது, ஆகவே எண்ணத்தால் உடலையும் மாற்றலாம், அந்த எண்ணத்துக்கு வலுவூட்டுவதே இப்பதக்கம் என்று விற்றவர் விளக்கினாராம்.

'பார்த்தல்' என்ற அந்தச் சொல்தான் எனக்குத் தீராத எரிச்சல். இயற்பியலில் அதற்குக் கண்ணும் வேண்டாம், மனமும் வேண்டாம். ஒரு துகள் எவ்வழியே சென்றது என்ற தடயம் சுற்றுப்புறத்தில் எங்கேனும் பதிந்துவிட்டால், அதை எவரும் படிக்காவிட்டாலும், குறுக்கீட்டு வரிகள், அதாவது துகள் அலைபோல் பல வழிகளில் ஒருங்கே பரவுவதால் அடர்ந்தும் வெறுமையாயும் மாறிமாறித் தோன்றும் பட்டைகள், மறைந்துவிடும். 1999இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை, நுண்ணிய பிளவுகள் வரிசையாக அமைந்த கீற்றணி வழியே செலுத்தி, அலைக்கே உரிய அவ்வரிகளைப் பெற்றார்கள். 2004இல் அதே நகரில், 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கியபோது, வெப்பம் ஏற ஏற வரிகள் மங்கி அழிந்தன. சூடான மூலக்கூறு தானே உமிழ்ந்த ஃபோட்டான்கள் என்னும் ஒளித்துகள்கள் அதன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டன. அவற்றை ஒருவரும் பிடித்துப் பார்க்கவில்லை. வெற்றிடத்தில் பறக்கும் ஒற்றை மூலக்கூறின் கதியே இதுவென்றால், கோடானுகோடி மூலக்கூறுகள் இடைவிடாமல் மோதிக்கொள்ளும் நம் உடலில் எண்ணம் எந்த எலக்ட்ரானைப் பிடித்து நிறுத்தப் போகிறது?

5ஜி அலையிலிருந்து பதக்கம் காக்கும் என்பதும் வெறும் பேச்சு. 5ஜி பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானைவிட, நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டானுக்கு ஒரு லட்சம் மடங்குக்கும் மேலான ஆற்றல் உண்டு. அந்த ஒளிக்கே அஞ்சாத நாம் 5ஜி அலைக்கு அஞ்சிப் பதக்கம் தேட வேண்டியதில்லை.

கதிர்வீச்சு அளவியை அந்த வில்லையருகே கொண்டுசென்றதும் அது படபடவென்று ஒலித்தது. இத்தகைய பதக்கங்கள் சிலவற்றில் யுரேனியமும் தோரியமும் கலந்த கனிமத்தூள் இருப்பதுண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டும் தோரியம் கொண்ட கனிமமே. நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் இவ்வகைப் பத்துப் பொருள்களை அணிய வேண்டாமென எச்சரித்தது. ஒரு நாள் அணிந்தவர் அஞ்ச வேண்டியதில்லை. இரவும் பகலும் தோலோடு ஒட்டி ஆண்டுக்கணக்கில் அணிவதுதான் தீங்கு.

ஆகவே கழற்றிவிடுங்கள். குழந்தைக்கு அணிவிக்கவே அணிவிக்காதீர்கள். உடைத்துப் பார்க்காதீர்கள், தூள் மூச்சில் போகும். இதை நம்பிச் சிகிச்சையின் ஒரு நாளையும் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து.