நின்று நின்று ஓடும் குட்டி ரயில்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பையனுக்கு வாங்கிக் கொடுத்த என்-கேஜ் ரயில் செட் முதல் வாரம் ஜம்மென்று ஓடியது. இப்போது ஒரு சுற்று முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறது. விரலால் லேசாகத் தள்ளினால் மறுபடி கிளம்புகிறது. மோட்டார் போய்விட்டதா?”

பெரும்பாலும் இல்லை. மோட்டார் எரிந்திருந்தால் எவ்வளவு தள்ளினாலும் அசையாது. தள்ளியதும் கிளம்புகிறது என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, அதற்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ரயிலைச் சிறிதாக்கிவிடலாம். ஆனால் தூசியும் துருவும் மின்சாரமும் கூடவே சிறிதாகாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அளவுகள். என்-கேஜில் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே 9 மி.மீ. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விகிதம் 1:160. ஜப்பானிய ரயில்கள் பெரும்பாலும் 1:150. நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 160-ஆல் வகுத்தால் 10.5 வரும். எனவே நம்மூர் ரயிலை இந்தத் தண்டவாளத்தில் ஏற்றினால் கால் கொஞ்சம் குறுகலாகத் தெரியும். இதைவிடப் பெரிய சமரசம் வளைவில். இந்திய அகலப்பாதையில் மிகக் கூர்மையான வளைவுக்கு 175 மீட்டர் ஆரம். 160-இல் ஒரு பங்கு என்றாலும் 1.09 மீட்டர். வட்டத்தின் குறுக்களவே இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். எந்த வீட்டு மேசையும் தாங்காது. அதனால்தான் டோமிக்ஸ் என்ற ஜப்பானிய பிராண்டு 140 மி.மீ. ஆரத்தில் மினி வளைவுகளை விற்கிறது. நான்கு சக்கர என்ஜின், டிராம், குட்டைப் பெட்டிகள் இதில் தாராளமாகத் திரும்பும். நீளமான பயணிகள் பெட்டியை விட்டால் வளைவில் தடம் புரளும், இல்லையென்றால் பெட்டிகளின் மூலைகள் ஒன்றோடொன்று முட்டும்.

60 பாகை வளைவுகள் 6, 140 மி.மீ. நேர்த்துண்டுகள் 2. இவ்வளவு இருந்தால் ஒரு நீள்வட்டம் தயார். வெளிவிளிம்பு வரை ஏறத்தாழ 44 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். 50 × 35 செ.மீ. அளவில் 6 மி.மீ. பிளைவுட் எடுத்து, அடியில் சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். சட்டம் இல்லாவிட்டால் பசைத் தண்ணீர் பட்டதும் பலகை வளையும். ஒரு சுற்றின் தூரம் 116 செ.மீ. நிஜத்தில் 60 கி.மீ. வேகம் இங்கே நொடிக்கு 10 செ.மீ., அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 11 நொடி. செட்டோடு வரும் கன்ட்ரோலரை முழுதாகத் திருகினால் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் பறக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பார்வைக்கு ரயிலாக இருக்காது.

பலகை நிலம்போலத் தெரிய மணல் தூவுவதில் ஒரு எச்சரிக்கை. கடற்கரை மணலை, அதிலும் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலை, அப்படியே போடாதீர்கள். இரும்புத் தாதுத் துகள்களை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். பற்சக்கரத்தில் சிக்கினால் என்ஜின் அவ்வளவுதான். எந்த மணலானாலும் கழுவி உப்பை நீக்கி, காயவைத்து, சலித்து, நல்ல காந்தத்தை நாலு தடவை ஓட்டிய பிறகு தூவுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கட்டாயம். அது இல்லாவிட்டால் பரப்பு இழுவிசையால் சொட்டுகள் உருண்டு நின்று, மணலைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். நிஜ மின்சார ரயில் மேலே போகும் 25,000 வோல்ட் கம்பியிலிருந்து கரண்டை எடுத்து, தண்டவாளம் வழியாகத் திருப்பி அனுப்புகிறது. இங்கே ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ். அதிகபட்சம் 12 வோல்ட் டிசி. இடச் சக்கரமும் வலச் சக்கரமும் ஒன்றுக்கொன்று மின்தொடர்பு இல்லாதவை. மோட்டாரின் உயிர் அந்தச் சக்கரங்கள் தண்டவாளத்தைத் தொடும் புள்ளிகளில் இருக்கிறது.

அந்தப் புள்ளியில் எவ்வளவு அழுத்தம்? நீளம் 160 மடங்கு குறைந்தால் எடை 160 × 160 × 160, அதாவது சுமார் 41 லட்சம் மடங்கு குறையும். வாப்-7 என்ஜின் 123 டன். கணக்குப்படி அதன் மாதிரி 30 கிராம்தான். 12 சக்கரம், நிஜத்தில் ஒவ்வொன்றும் 10 டன் அழுத்துகிற இடத்தில் இங்கே இரண்டரை கிராம், ஒரு ரூபாய் நாணயத்தின் எடைகூட இல்லை. தயாரிப்பாளர்கள் உள்ளே உலோகக் கட்டியை வைத்துக் கனம் கூட்டுவது இதனால்தான்.

தூசியோ அதே அளவில் இருக்கிறது. 70 மைக்ரான் தடிமனுள்ள தலைமுடி இந்த ரயிலின் கணக்கில் 11 மி.மீ. கம்பி. பத்து டன் சக்கரம் எதையும் நசுக்கிவிட்டுப் போகும். இரண்டரை கிராம் சக்கரம் தூசியின் மேல் ஏறி நிற்கும். ஏறிய கணத்தில் தொடர்பு அறுகிறது.

அறுந்தால் வெறுமனே நிற்பதில்லை, அங்கேதான் வேடிக்கை. மோட்டார் என்பது கம்பிச் சுருள். சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுக்கும். சக்கரம் தண்டவாளத்தை விட்டு மயிரிழை விலகும்போது, அந்த இடைவெளியைத் தாண்ட மின்னழுத்தம் எகிறி ஒரு பொறி பறக்கிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் சக்கரத்தடியில் நீலமாகத் தெரியும். அந்தப் பொறியின் சூட்டில் உலோகம் ஆக்சைடாகிறது. அச்சிலிருந்து கசிந்த எண்ணெய் கருகுகிறது. இரண்டும் தூசியோடு சேர்ந்து கறுப்புப் பிசினாகிறது. பிசின் கரண்டைக் கடத்தாது, ஆகவே இன்னும் அதிகப் பொறி, இன்னும் அதிகப் பிசின். முதல் வாரம் ஜம்மென்று ஓடியது அடுத்த வாரம் திணறுவது இந்தச் சுழற்சியால்தான். மெதுவாக ஓட்டும்போது தொல்லை கூடும். தண்டவாளத்தில் அப்போது இரண்டு மூன்று வோல்ட்தான் இருக்கும், படலத்தைத் துளைக்க அதற்குத் தெம்பு இல்லை. சில கன்ட்ரோலர்கள் முழு 12 வோல்ட்டையும் சிறுசிறு துடிப்புகளாக அனுப்பி இதைச் சமாளிக்கின்றன. ஆனால் துடிப்பின் அதிர்வெண் குறைவாக இருந்தால் கோர்லெஸ் (சுருளுக்குள் இரும்புக் கரு இல்லாத) மோட்டார்கள் சூடாகும்.

பெரிய மாதிரிகளில் மோட்டார் தண்டில் ஒரு பித்தளைச் சக்கரம் பொருத்துவார்கள். குயவர் கையை எடுத்த பிறகும் திகிரி சுற்றுவதுபோல், கரண்ட் அறுந்த நொடியில் அதன் சுழற்சியே ரயிலை அழுக்கைத் தாண்டிக் கொண்டுபோகும். ஆனால் ஒரே தடிமனில் ஆரத்தைப் பாதியாக்கினால் அதன் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சியை விடாமல் தொடரும் குணம், பதினாறில் ஒரு பங்காகிவிடும். மிகவும் தேவைப்படுகிற குட்டி என்ஜினில்தான் அது மிகக் குறைவாக உதவும்!

சரி, என்ன செய்வது? இந்தப் பொழுதுபோக்கில் ஆளுக்கொரு மந்திரத் தைலம் உண்டு. கியர் ஆயில், முடிவெட்டும் மெஷின் எண்ணெய் என்று சத்தியம் செய்வார்கள். பாதிச் சுற்றில் தடவி, மீதியைச் சும்மா விட்டு, ஒரு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. பள்ளி ஆய்வகங்களுக்கு இப்படி ஒரு செட் வாங்கிக் கொடுத்தால் கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்னவென்று ஒரு வகுப்பில் புரியும். பூட்டிய அலமாரியில் கிடக்கும் மின்தடைப் பெட்டிகளைவிட அந்தச் செலவு மேல்.

முதலில் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். எப்போதும் ஒரே இடம் என்றால் கோளாறு தண்டவாளத்தில். கரண்ட் கொடுக்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இழுவை குறைந்தால், துண்டுகளை இணைக்கும் தகடுகள் தளர்ந்திருக்கும். எந்தப் பக்கமாகப் போனாலும் நடுவே நான்கு இணைப்புகள். எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஜோடி ஒயரைச் சால்டர் செய்துவிட்டால் தீரும். சால்டரிங் அயர்னை மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் கட்டைகள் உருகும். பாயிண்டில், அதாவது தடம் இரண்டாகப் பிரியும் துண்டில், தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தில் நின்றால், பல செட்டுகளில் அங்கே உள்ளது கரண்ட் இல்லாத பிளாஸ்டிக் துண்டு. குட்டை என்ஜினின் சக்கரங்கள் அதில் மாட்டிக்கொள்கின்றன. இவ்வளவு சிறிய லேஅவுட்டில் பாயிண்டே வேண்டாம் என்பது என் கட்சி.

நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் சக்கரத்தில் அழுக்கு. தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் நன்றாகத் தங்கும். பிறகு டிஷ்யூ தாளில் அதே திரவத்தை நனைத்து, தண்டவாளத்தின் குறுக்கே விரியுங்கள். எட்டுச் சக்கர என்ஜினின் ஒரு போகியை (நான்கு சக்கரம் உள்ள அடிச்சட்டத்தை) தாளின் மேலும், மற்றதைத் தண்டவாளத்திலும் வைத்துக் கரண்ட் கொடுத்தால், தாளின் மேலுள்ள சக்கரங்கள் சுற்றிச் சுற்றித் தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும். தாளில் கறுப்புக் கோடு விழாதவரை இடம் மாற்றிச் செய்யுங்கள். நான்கு சக்கரம் மட்டுமே உள்ள குட்டிக்கு இது பலிக்காது. காதுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். ரப்பர் வளையம் மாட்டிய சக்கரத்தை மட்டும் ஆல்கஹாலில் ஊறவிடாதீர்கள்.