மதில் உயரும் கணக்கு

வெள்ளவத்தையிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்கிறார்: "பாடத்தின் பெயர் அரசியல் விஞ்ஞானம். இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?" நியாயமான கேள்வி. பதவியேற்கவே சுபநேரம் பார்க்கும் நாட்டிலிருந்து கேட்பதால் இன்னும் நியாயம்.

இதே சண்டை 1966இல் அறிஞர்களுக்கிடையே மூண்டது. வரலாறும் சட்டமும் தத்துவமும் படித்துப் பழுத்த நிதானமே சர்வதேச அரசியலை விளக்கும் என்றார் ஹெட்லி புல். அது மரபு வழி. அளந்து சோதிக்க வேண்டும் என்றார் மோர்டன் கப்லான். அது விஞ்ஞான வழி. பரீட்சைக்கு இது போதும்.

எனக்குப் பிடித்தவர் இருவருக்கும் முந்தியவர், லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். வானிலையைக் கணிதத்தால் முன்கூட்டிச் சொல்லப் பார்த்தவர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்ஸில் அம்புலன்ஸ் ஓட்டியவர். ஆயுதப் போட்டியை அவர் மூன்று கூறுகளில் அடக்கினார்: எதிரியின் ஆயுதம் தரும் பயம், சொந்தச் செலவு தரும் களைப்பு, பழைய மனத்தாங்கல்.

எங்கள் ஒழுங்கைக்குக் கொண்டுவருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலை 10 அங்குலம் உயர்த்துகிறார். நான் கோபக்காரன், இரு மடங்கு, 20 அங்குலம் உயர்த்துகிறேன். அவரோ சாது, சீமெந்து விலைக்கும் அஞ்சுபவர். நான் உயர்த்துவதில் பத்தில் நான்கு பங்குதான் உயர்த்துவார். ஆகவே 8. நான் 16, அவர் 6.4. சில சுற்றுகளில் மேசன் சாந்தகப்பையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இப்போது அந்தச் சாதுவுக்குப் பயம் சற்றே கூடி, பத்தில் ஆறு பங்கு உயர்த்துகிறார் என்று வையுங்கள். 10, 20, 12, 24... மதில் நிற்கவே நிற்காது. என் குணமோ இம்மியும் மாறவில்லை! இருவரின் எண்களையும் பெருக்கிப் பாருங்கள்: முன்பு 2 × 0.4 = 0.8, இப்போது 2 × 0.6 = 1.2. ஒன்றுக்குக் கீழே என்றால் அடங்கும், மேலே என்றால் எகிறும். முரடன் யார் என்று தேடி மாய்வதில் பயனில்லை. 1909 முதல் 1913 வரை பிரான்ஸ், ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா–ஹங்கேரி ஆகியவற்றின் மொத்த ஆயுதச் செலவுக்கு எதிரே அது ஆண்டுதோறும் கூடிய அளவை ரிச்சர்ட்சன் வரைந்து பார்த்தபோது, புள்ளிகள் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் விழுந்தன.

தைப்பொங்கலன்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பொங்கல் வந்தால் கணக்கு என்னவாகும் என்று மரபுவாதிகள் மடக்கலாம். ரிச்சர்ட்சன் அதற்கும் இடம் விட்டிருந்தார்: நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்தை நல்லுறவின் அளவாகக் கொண்டு, ஆயுதச் செலவிலிருந்து கழித்தார். ஒரு கிண்ணத்துக்கு எத்தனை அங்குலம் கழிப்பது என்ற இடத்தில் மட்டும் நான் புல்லின் பக்கம்.