உலர்புழுவை அப்படியே தொட்டியில் போடாதீர்கள்

வயிறு உப்பி, ஒருபக்கமாகச் சாய்ந்து மிதக்கும் ஃபைட்டர் மீனைப் பார்த்தால் மருந்தைத் தேடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசியாகப் போட்ட தீனி என்ன, அதை ஊறவைத்தீர்களா? 'டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை, அப்படியே' என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில்.

டப்பாவில் வரும் உலர்புழுவில் இரண்டு வகை அதிகம். கட்டிகளாக வருவது ட்யூபிஃபெக்ஸ். சாக்கடை கலந்த சேற்றில் வாழும், மண்புழுவுக்கு உறவான புழு. தனித்தனிச் சிவப்பு இழைகளாக வருவது பிளட்வார்ம். பெயர்தான் புழு, உண்மையில் அது கொசுவைப் போலவே இருக்கும், ஆனால் கடிக்காத கைரோனோமஸ் பூச்சியின் இளம்பருவம். இரண்டையும் உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை உருகவிடாமலே ஆவியாக்கி எடுக்கிறார்கள். பனி இருந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டைகளாகி, அதற்குள் காற்று நிறைந்துவிடும். அதனால்தான் புழு பஞ்சுபோல் லேசாகித் தண்ணீரில் மிதக்கிறது.

இதில் இரண்டு சிக்கல்கள். மிதப்பதை எட்டிக் கவ்வும் மீன் காற்றையும் சேர்த்து விழுங்கும். விழுங்கிய உலர்தீனி குடலுக்குள் போய்த்தான் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அடுத்தது அளவு. உயிருள்ள புழுவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அது போய்விட்டதால், விரலிடுக்கில் நிற்கும் சிட்டிகை கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரிந்தாலும் புழுக் கணக்கில் நிறையவே இருக்கும். ஆகவே சிட்டிகைக் கணக்கை விட்டுவிட்டு எண்ணிப் போடுங்கள்.

சின்னக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரையே எடுத்து 10 முதல் 15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு லேசாக அழுத்தினால் குமிழி வரும். குமிழி நின்று புழு மூழ்கத் தொடங்கினால் தயார். ஊறிய தண்ணீரில் தூளும் கரைந்த புரதமும் இருக்கும், அதைத் தொட்டியில் ஊற்றாமல் கொட்டிவிடுங்கள். ட்யூபிஃபெக்ஸ் கட்டியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்து மீன்கள் கூடிக் கொத்துவதைப் பார்க்கப் பலருக்கும் ஆசை. அழகுதான், ஆனால் அதையும் கால் பங்காக உடைத்து, நனைத்த பிறகே ஒட்டுங்கள்.

வளர்ந்த ஃபைட்டருக்கு ஒரு வேளைக்கு 3 அல்லது 4 பிளட்வார்ம், வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். கப்பிக்கும் நியான் டெட்ராவுக்கும் நறுக்கிப் போட வேண்டும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு இரைப்பையே கிடையாது, தீனி நேராகக் குடலுக்குப் போகிறது. அதற்கு இன்னும் குறைவாகவே கொடுங்கள். மலாவி ஏரியின் பாசி தின்னும் சிக்லிட் வகைகளுக்கும் சில்வர் டாலர் மீனுக்கும் இந்தத் தீனியே வேண்டாம். நீளமான குடலுக்கு இவ்வளவு மாமிசப் புரதம் ஒத்துவராது. கோரிடோரஸ் போல அடியில் மேயும் மீன்களுக்கோ ஊறி மூழ்கினால்தான் புழு போய்ச் சேரும்.

பத்து நிமிடத்தில் தின்னாமல் கிடப்பதைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். விட்டால் வெள்ளைப் பஞ்சாகப் பூசணம் பிடித்து, அழுகி அமோனியாவைக் கூட்டும். புழுவுக்குப் பழகிய மீன் பெல்லட்டை (குருணைத் தீனியை) துப்பத் தொடங்கினால் புழுவை முழுசாக நிறுத்துங்கள். நன்றாக இருக்கும் வளர்ந்த மீன் இரண்டு நாள் பட்டினி தாங்கும். மூன்றாம் நாள் பெல்லட்டைத் தேடி வரும்.

வயிறு உப்பிவிட்டால் இரண்டு மூன்று நாள் தீனி போடாதீர்கள். பிறகு கோல்டு ஃபிஷ்ஷுக்குத் தோல் உரித்து வேகவைத்த பச்சைப் பட்டாணி கொஞ்சம், ஃபைட்டருக்கு உறைந்த டாஃப்னியா (நீர்த்தெள்ளு). செதில்கள் மேலெழும்பி நின்றால் அது மலச்சிக்கல் அல்ல. உடலுக்குள் நீர் கோத்திருக்கிறது. பட்டினி போட்டுக் காத்திருக்காமல் மீன் மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

உலர்த்தியதால் கிருமியே இருக்காது என்ற நம்பிக்கை தவறு. ஒட்டுண்ணிகளின் ஆபத்து வெகுவாகக் குறைகிறது, உண்மை. ஆனால் ஆய்வகங்களில் பாக்டீரியாவை உயிரோடு பத்திரப்படுத்துவதே இதே முறையில்தான். சேற்றிலிருந்து புழுவுக்குள் சேர்ந்த கன உலோகமும் உலர்த்துவதால் போகாது.

மீனை மட்டுமல்ல, உங்களையும் கவனிக்க வேண்டும். பிளட்வார்முக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபின் மனிதருக்கு ஒவ்வாமை தரக்கூடியது. உலர்புழுவின் தூள் பறந்தால் தும்மல், கண் அரிப்பு, கைகளில் தடிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பு வரை போகும். மின்விசிறிக்குக் கீழே டப்பாவைத் திறக்காதீர்கள். இடுக்கியால் எடுங்கள், கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மீன் தீனி போடும் வேலை பிடித்திருந்தால், இந்த டப்பாவை மட்டும் எட்டாத இடத்தில் வைத்துப் பெல்லட்டைக் கொடுங்கள்.

டப்பாவைத் தொட்டி மூடியின் மேலேயே வைப்பது பலருடைய பழக்கம். அங்கே விளக்குச் சூடும் நீராவியும் சேர்ந்து தாக்கும். ஈரம் ஏறினால் பூசணம், சூடு பட்டால் கொழுப்புச் சிக்கு வாடை. கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சின்ன டப்பாவாக வாங்கி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, திறந்த தேதியை மூடியில் எழுதிவையுங்கள். ஈரக்கையை உள்ளே விடாதீர்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலோ சிக்கு வாடை அடித்தாலோ, பாதி மிச்சம் இருந்தாலும் குப்பையில் போட்டுவிடுங்கள்.