குஞ்சு தானாக வெளியே வரும், ஓட்டை உரிக்காதீர்கள்

இந்த வாரமும் ஓர் அட்டைப் பெட்டி வந்தது. உள்ளே நாட்டுக்கோழிக் குஞ்சுகள். தொப்புளில் மஞ்சள் கரு பிதுங்கி, சிலவற்றுக்கு இரத்தமும் கசிந்துகொண்டிருந்தது. "மூச்சு முட்டித் தவித்தது டாக்டர், பாவமாக இருந்தது, நானே உரித்துவிட்டேன்" என்றார் கொண்டுவந்தவர். வீட்டுக்கு வீடு சிறிய இன்குபேட்டர் வந்ததிலிருந்து இதே கதைதான்.

மூச்சு முட்டவில்லை ஐயா. அடை வைத்த 20ஆம் நாள் வாக்கில் குஞ்சு உள்சவ்வைக் குத்தி, முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையில் சுவாசிக்கத் தொடங்கிவிடுகிறது. அதன்பிறகே ஓட்டைக் கொத்துகிறது. கொத்திவிட்டு 12 மணி நேரம், சில சமயம் 24 மணி நேரம்கூடச் சும்மா கிடக்கும். அது சோர்வு இல்லை. ஓட்டை ஒட்டிய சவ்வில் ஓடும் இரத்தம் வற்ற வேண்டும். மிச்சமிருக்கும் மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்த் தொப்புள் மூட வேண்டும். அந்த வேலை நடக்கும்போது நகத்தால் ஓட்டைப் பெயர்த்தால் இரத்தம் கொட்டாமல் என்ன செய்யும்? மூடாத தொப்புளில் கிருமி புகுந்தபின் என்னிடம் வந்து பெரிதாகப் பயனில்லை.

கிராமத்தில் இடிக்குப் பயந்து அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பும் போடுவார்கள். அதனால் கூமுட்டை குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொரிக்கிற நேரத்தில் யாரையும் கூடைப் பக்கம் அண்டவிட மாட்டார்கள், பாருங்கள், அது மெத்தச் சரி. நீங்களோ அரை மணிக்கொருமுறை இன்குபேட்டர் மூடியைத் திறக்கிறீர்கள். ஈரப்பதம் இறங்கி, சவ்வு காய்ந்து, குஞ்சு ஒட்டிக்கொள்வது அதனால்தான்.

18ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்துங்கள். ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்கு உயர்த்துங்கள். முட்டையைக் கழுவி அடை வைக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் பழைய முட்டை வேண்டாம். வாத்து முட்டைக்கு 28 நாள். 22ஆம் நாளே உடைத்துப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. பொரித்த குஞ்சு உடல் உலரும்வரை உள்ளேயே இருக்கட்டும், வயிற்றிலுள்ள மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். கொத்தி ஒரு நாள் கடந்தும் அசைவில்லாமல் சவ்வு பழுப்பாகக் காய்ந்திருந்தால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரப்படுத்திவிட்டு, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.