இரண்டு வட்டங்களும் ஒரு ‘டொக்’கும்

சினிமாவில் உணர்ச்சி எப்படி உண்டாகிறது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது நான் எந்தப் படத்தையும் போட்டுக்காட்டித் தொடங்குவதில்லை, இரண்டு வட்டங்களில் இருந்துதான் தொடங்குவேன். திரையின் இடது மேல் மூலையில் இருந்து ஒன்று, வலது மேல் மூலையில் இருந்து இன்னொன்று. இரண்டும் சரிந்து வந்து நடுவில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கீழே எதிரெதிர் மூலைகளுக்குப் போகின்றன. சத்தமே இல்லாமல் ஓடவிட்டு என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ‘ஒன்றையொன்று கடந்து போயின’ என்பார்கள். அப்புறம் அதே படத்தை, இரண்டும் சந்திக்கும் கணத்தில் ஒரு ‘டொக்’ சேர்த்து ஓடவிடுங்கள். இப்போது பலருக்கு இரண்டும் மோதித் திரும்பியதாகத் தெரியும். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை!

1997-இல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் வெளிவந்த சோதனை இது. கண்ணுக்குக் கிடைத்த தகவலில் இரண்டு அர்த்தங்களுக்கும் இடம் இருந்தது, காது ஒரு பக்கம் சாய்த்துவிட்டது. ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும் ஒளியையும் ஒலியையும் ஒரே சம்பவத்தில் இருந்து வந்தவை என்று மூளை எடுத்துக்கொள்கிறது; வீட்டிலும் தெருவிலும் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கொட்டாங்குச்சி இரண்டைத் தட்டி எழுப்பிய சத்தம் திரையில் குதிரைக் குளம்படியாகிவிடுவதும், எங்கோ ஒரு ஸ்பீக்கரில் இருந்து வரும் வசனம் நடிகரின் வாயில் இருந்தே வருவதாகத் தோன்றுவதும் இந்தப் பழக்கத்தால்தான்.

சரி, மோதலை உண்டாக்கலாம், சோகத்தை உண்டாக்க முடியுமா? ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த பரிசோதனையைச் சினிமா படிக்கிற எல்லோருக்கும் சொல்வார்கள். மொஸ்ஜுகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத முகம், அதே ஷாட், ஒருமுறை சூப் கிண்ணம் தெரியும் ஷாட்டோடு ஒட்டப்பட்டது, ஒருமுறை சவப்பெட்டி தெரியும் ஷாட்டோடு. பார்த்தவர்கள் அவர் முகத்தில் ஒருமுறை பசியையும் ஒருமுறை துக்கத்தையும் கண்டு நடிப்பைப் பாராட்டினார்களாம், குலெஷோவின் மாணவர் புடோவ்கின் எழுதியிருக்கிறார். அந்தப் படச்சுருள் இப்போது இல்லை. பரவாயில்லை, வகுப்பிலேயே செய்துபார்க்கலாம், அதுவும் ஒலியை வைத்து. நடிக்கவே தெரியாத ஒரு மாணவனை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பத்து விநாடி ஃபோனில் எடுங்கள். ஒரு பிரதியில் தூரத்துக் கெட்டிமேளம், இன்னொன்றில் தூரத்துச் சாவு மேளம். அந்தப் பையன் இரண்டிலும் சும்மா வெளியே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், ஆனால் அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பவர்கள் இரண்டு கதை சொல்வார்கள். எடுத்தவர்களே சொல்வார்கள், அதுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு.

இதற்கு அடுத்த படி, ஒலிக்குப் பார்வையாளரைப் பழக்குவது. 1975-இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ என்ற கொலைகாரச் சுறா பற்றிய படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட சுறா இசை இரண்டே சுரங்களில் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையே அரைச்சுர தூரம்தான், நம் பிள்ளைகள் மாயாமாளவகௌளையில் முதலில் பாடும் ‘ச-ரி’ தூரம். இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதானதால் அதை நினைத்தபடி காட்ட முடியவில்லை. படத்தின் பெரும்பகுதியில் சுறா இருக்கிறது என்பதையே இசைதான் சொல்கிறது. வேகம் கூடினால் அது நெருங்கிவிட்டது. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. இரண்டு சிறுவர்கள் போலிச் சுறாத் துடுப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக் கூட்டத்தைப் பயமுறுத்தும் இடத்தில் அந்த இசை வரவே வராது, அதாவது படம் பார்ப்பவரிடம் பொய் சொல்லவில்லை. ‘இசை வந்தால்தான் சுறா’ என்று நாம் நம்பத் தொடங்கிய பிறகு, பிற்பகுதியில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சுறா தலையை நீட்டுகிறது. இருக்கையில் இருந்து தூக்கிவாரிப்போடுவதற்கு அந்த மௌனம்தான் காரணம். அதை மௌனம் என்று உணரவைக்க அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் இசை உழைத்திருக்கிறது, பாருங்கள்.

ஆனால் எல்லாமே பழக்கம் இல்லை. மர்மோட் என்ற மலைவாழ் அணில் இனத்தின் அலறல்களை ஆராய்ந்த டேனியல் புளூம்ஸ்டைனும் கூட்டாளிகளும் 2010-இல் 102 படங்களின் ஒலித்தடங்களை அலசினார்கள். மிதமிஞ்சிய அழுத்தத்தில் காற்றைத் தள்ளினால் குரல்நாண்கள் சீராக அதிராமல் கரகரக்கும். குட்டி அலறினாலும் குழந்தை வீறிட்டாலும் கேட்பவருக்கு உடம்பு சிலிர்ப்பது அந்தக் கரகரப்பால். திகில் படங்களில் அந்த வகை அலறல்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. ஒலியமைப்பாளர்கள் விலங்கியல் படித்துவிட்டு அதைச் செய்யவில்லை, தங்கள் காதையே நம்பிச் செய்தார்கள்.

எடிட்டிங் செய்யும் மாணவர்களுக்கு மட்டும் ஒன்று. படத்தைவிடச் சத்தம் சுமார் 45 மில்லிவிநாடி முந்தினாலே நமக்கு உறுத்திவிடும். பிந்தினால் சுமார் 125 வரை பெரும்பாலும் தெரியாது. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 42 மில்லிவிநாடி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மின்னல் முதலில், இடி பிறகு என்றே வளர்ந்த மூளை அல்லவா, தாமதத்தை மன்னிக்கும், முந்தலை மன்னிக்காது.

இப்போது பழைய வட்டங்களுக்குப் போங்கள். டைம்லைனில் அந்த ‘டொக்’கை ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னால் தள்ளித் தள்ளி ஓட்டிப்பாருங்கள். ஓர் இடத்தில் வட்டங்கள் மோதுவதை விட்டுவிட்டு மறுபடியும் கடந்துபோகத் தொடங்கும், சத்தம் தனியாக எங்கோ கேட்கும். அந்த ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.