வசதி என்ற உணர்வை எதைக் கொண்டு அளப்பது?

கொழும்பில் குடும்பங்களுக்கு நிதி ஆலோசனை வழங்கும் பணியில் என்னைச் சந்திப்பவர்கள் கடனைப் பற்றியோ வரியைப் பற்றியோ பேச்சைத் தொடங்கினாலும், பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்: "இது எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?" அந்த 'இது' வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடாக இருக்கலாம், ஆண்டுக்கொரு முறை இந்தியப் பயணமாக இருக்கலாம், ஒரு நல்ல கைக்கடிகாரமாகவும் இருக்கலாம். இப்படிக் கேட்பவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. தாங்கள் வசதியாகத்தான் இருக்கிறோம் என்று நம்பிக் கேட்காமலே செலவு செய்பவர்களையும், உண்மையில் வசதி இருந்தும் தமக்கென்று எதையும் அனுமதிக்காதவர்களையும் நினைத்தே இதை எழுதுகிறேன்.

வசதி என்ற உணர்வு பெரும்பாலும் மாதந்தோறும் கைக்கு வரும் தொகையிலிருந்து பிறக்கிறது. அது எவ்வளவு தூரம் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதை அண்மைய ஆண்டுகளில் நாம் எல்லோரும் கண்டோம். 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையாக அமையும் தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதன் பின்னர் நிலையான வைப்புகளுக்கு 20 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி கிடைத்தது. முன்னர் 50 இலட்சம் ரூபாய் வைப்புக்கு 6 சதவீதப்படி மாதம் 25,000 ரூபாய் பெற்ற ஒருவர், 24 சதவீதமாகும்போது மாதம் ஒரு இலட்சம் பெறுவார். அத்தகைய குடும்பங்கள் பல, அந்த வட்டியை முழுமையாகச் செலவு செய்யப் பழகிக்கொண்டன. வார இறுதியில் வெளியே சாப்பாடு, பிள்ளைக்கு மேலதிக வகுப்புகள், தவணைக்கு வாங்கிய புதிய கைப்பேசி என்று அந்த ஒரு இலட்சத்தைச் சுற்றியே ஒரு வாழ்க்கை முறை உருவானது.

அதே 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தது. 24 சதவீத வட்டி அந்த 50 இலட்சத்தின் வாங்கும் சக்தியைக் காப்பாற்றவில்லை. கைக்கு வந்த வட்டியையும் செலவு செய்தவர்கள் தம் முதலையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஆனால் அப்போதுதான் அவர்கள் தம்மை மிகவும் வசதியானவர்களாக உணர்ந்தார்கள். பின்னர் வட்டி 8 சதவீத அளவுக்கு இறங்கியபோது, மாத வரவு 33,000 ரூபாயாகச் சுருங்கியதாக மனம் நொந்து பேசினார்கள். 2024 செப்டெம்பர் முதல் 2025 நடுப்பகுதி வரை பணவீக்கம் மறைப் பெறுமதியில், அதாவது முந்தைய ஆண்டைவிட விலைகள் சற்றுக் குறைந்த நிலையில் இருந்தது. ஏற்கெனவே ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பது உண்மைதான். எனினும் அவர்களுடைய முதல் அந்தக் காலத்தில் தேயவில்லை. உணர்வு ஒரு பக்கமும் உண்மை மறுபக்கமும் போவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு தாயார், அடையாளம் வெளியாகாமல் எழுதலாம் என்று எனக்கு அனுமதி தந்திருக்கிறார். தனியார் நிறுவனமொன்றில் நல்ல சம்பளம் பெறும் அவர், மூன்று கடனட்டைகளின் மாதக் கூற்றுகளை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். மகளின் சாமத்தியச் சடங்குக்கான செலவுகளுக்கு மஞ்சள் கோடு இழுத்திருந்தார்: மண்டப முற்பணம், மணவறை அலங்காரம், ஒப்பனை, ஆல்பம், வீடியோ, உறவினர்களுக்கான சேலைகள். போதாததற்கு, செட்டியார் தெருவில் வாங்கிய தாலிக்கொடியும் அடகில் இருந்தது. அன்பளிப்பாக வரும் உறைகள் மூலம் செலவில் பாதியாவது திரும்பி வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்ததோ அதில் ஒரு சிறு பகுதி. எல்லாவற்றையும் கூட்டி முடித்த பின்பு, இந்தத் தொகையில் உங்களுக்காகச் செலவு செய்தது எது என்று கேட்டேன். நீண்ட நேரம் தாள்களைப் புரட்டிவிட்டு, "எனக்கென்று ஒன்றும் இல்லை, சேர். கண்ணாடி மாற்ற வேணும் என்று ஒரு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

சடங்கு செய்வது தவறென்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் மகிழ்ச்சியும் உறவுகளின் கூடுகையும் பெறுமதியானவை. ஆனால் பிறர் கண்ணுக்காகச் செய்யும் செலவை 'எங்கள் வசதி' என்ற தலைப்பில் எழுதும் பழக்கம் நம் நடுத்தரக் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதையும், அந்தப் பழக்கத்தின் சுமை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் சிறு தேவைகள் மீதே விழுகிறது என்பதையும் நான் அடிக்கடி காண்கிறேன்.

தவணைக் கணக்கையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒருவருடைய கடனட்டையில் 3 இலட்சம் ரூபாய் நிலுவை இருக்கிறது, ஆண்டு வட்டி 26 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அவர் குறைந்தபட்சத் தொகையாக 15,000 ரூபாய் கட்டினால், அதில் ஏறத்தாழ 6,500 ரூபாய் அந்த மாதத்து வட்டிக்கே போய்விடும். வாகன லீசிங்கில் 'தட்டை வட்டி (flat rate) 12 சதவீதம்' என்று சொல்லி, அதாவது கடைசி வரை முழுக் கடன் தொகைக்கும் வட்டி கணக்கிட்டு, 10 இலட்சம் ரூபாயை 5 ஆண்டுகளுக்குக் கொடுத்தால், மாதத் தவணை 26,667 ரூபாய். குறைந்துகொண்டே போகும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறத்தாழ 20 சதவீதம். பூச்சிய வட்டித் திட்டங்களிலும், கைக்காசுக்கு வாங்கினால் கிடைக்கக்கூடிய கழிவை இழக்கிறோமா, சேவைக் கட்டணம் உண்டா, ஒரு தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தவணை தவறினால் அந்தப் பதிவு, கடன் வாங்குவோரின் வரலாற்றைத் திரட்டிவைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தின் (CRIB) அறிக்கையில் இடம்பெறும். நாளை வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அது முன்னே வந்து நிற்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு தம்பதியரும் என்னிடம் வந்தார்கள். வெள்ளவத்தையில் சொந்த மாடி வீடு, கடன் எதுவும் இல்லை, இரண்டு வங்கிகளில் வைப்பு, பிள்ளைகள் வெளிநாட்டில். படுக்கையறையில் ஏசி பொருத்தியிருந்தும், மகன் விடுமுறைக்கு வரும்போது மட்டுமே அதைப் போடுவார்கள். ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் இருவரும் மின்விசிறியின் கீழ் உறக்கமில்லாமல் கிடப்பார்கள். வீட்டு மின் பாவனைக்கு அலகு கூடக்கூட அலகின் விலையும் கூடுகிறது என்பதும், 180 அலகைத் தாண்டிய பகுதிக்கே மிக உயர்ந்த விலை அறவிடப்படுகிறது என்பதும் அவர்களுடைய அச்சத்துக்கு நியாயமான காரணங்கள். ஆகவே அவர்களுடைய மின் பட்டியலையே எடுத்துக் கணக்கிட்டோம். இரவில் ஆறு மணித்தியாலம் ஓடினால் மாதம் 100 முதல் 150 அலகு கூடும். அதற்குரிய தொகை அவர்களுடைய மாத வட்டி வருமானத்தில் சிறிய பங்கே. "அப்ப, மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் தாராளமாகப் போடலாம் என்கிறீர்களா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். போடலாம் என்றேன். வசதி இருந்தும் உடலை வருத்திச் சேமிப்பதில் நான் எந்தச் சிறப்பையும் காணவில்லை.

ஓய்வுபெறும் வயதினருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஊழியர் சேமலாப நிதியில் ஊழியரின் 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும் பல ஆண்டுகள் சேர்ந்து, ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் மொத்தமாகக் கைக்கு வரும்போது, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பணக்காரரான உணர்வு ஏற்படுகிறது. 60 இலட்சம் வந்ததாக வைத்துக்கொண்டால், 55 வயதிலிருந்து 80 வயது வரைக்கும் 300 மாதங்கள். பங்கிட்டால் மாதம் 20,000 ரூபாய். வட்டி அதைச் சற்றுக் கூட்டும், விலைவாசி அதைக் குறைக்கும். இந்தக் கணக்கைப் பார்த்த பின்பு எவரும் உடனே வாகனம் பதிவு செய்யப் புறப்படுவதில்லை.

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் வரிசை எளிமையானது. கடனட்டை நிலுவையையும் அடகையும் முதலில் முடியுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவை வேறாக ஒரு கணக்கில் வையுங்கள். வங்கி முறிந்தால் கைகொடுக்கும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைக்கும்தான் என்பதால், பெரிய தொகையைப் பிரித்து வைப்பது நல்லது. அதற்குப் பிறகு, கணவன், மனைவி ஒவ்வொருவர் பெயரிலும் மாதந்தோறும் ஒரு தொகையை, சிறிதாக இருந்தாலும், கணக்குக் கேட்காத காசாக ஒதுக்குங்கள். அதில் புத்தகம் வாங்கலாம், நீச்சல் பழகலாம், நல்ல கண்ணாடி போடலாம், கடற்கரையோர விடுதி ஒன்றில் ஓர் இரவு தங்கலாம். முழுத் தொகையும் சேர்ந்த பின்பே வாங்குங்கள். வாங்கும் பொருளின் மின்சாரம், பராமரிப்பு, காப்புறுதி ஆகியவற்றையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து சகோதரர் அனுப்பும் பணத்தை, அவருடைய வேலை நின்றாலும் தொடரும் வருமானமாக எண்ணி எந்தத் தவணையையும் தொடங்காதீர்கள்.

வீட்டில் சடங்கோ திருமணமோ வரவிருந்தால், யாருக்காக எவ்வளவு என்ற பேச்சை மண்டபம் பார்க்கப் போவதற்கு முன்பே பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். முற்பணம் கட்டிய பிறகு ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்க முயன்ற குடும்பங்களில் பலவற்றுக்கு அந்தப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை.